முப்பது நொடியில் எவ்வளவு தூரம்

மாங்கூழ் ஓடும் வேகத்தை அளப்பது என் வேலை.
எஃகுத் தொட்டியின் குட்டிக் கதவைத் தூக்கினால்
முப்பது நொடியில் எத்தனை சென்டிமீட்டர்.
பெங்களூரா கூழ் கொஞ்சம் கூடுதலாய் ஓடினாலும்
டிரம் டிரம்மாய்த் திரும்பி வரும்,
என் கையெழுத்தோடு.

அதனால், ராயக்கோட்டை ரோட்டு ஆயில் கடையில்
கௌசர் இரண்டு கேனை எடுத்து வைத்து
"எது மேடம்?" என்றபோது
எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய கேள்விதான் அது.

ஒன்று மினரல், இருபது–ஐம்பது.
கெட்டி. சற்றே சோம்பேறி.
மற்றது சிந்தெடிக். மூன்று மடங்கு விலை.
மார்கழிக் குளிரிலும் சாவியைத் திருப்பிய கையோடு
இஞ்சின் உச்சிக்கு ஏறிவிடுமாம்.
கேன்மேல் பந்தயக் கார் படம்.

என்னுடையது அறுபத்தேழாம் வருடத்து ஃபியட்.
அது கடைசியாகப் பந்தயம் ஓடியது
காவேரிப்பட்டினத்தில், ஒரு டவுன் பஸ்ஸோடு.
தோற்றது.

ஆர்.சி. புத்தகத்தில் எனக்கு முன் நான்கு பேர்:
ஒரு பல் டாக்டர், ஒரு கிரானைட் முதலாளி,
ஒரு கல்யாண மண்டபம்,
மை கலைந்துபோன யாரோ.
யார் எந்த எண்ணெய் ஊற்றினார்கள்,
ஊற்றினார்களா என்பதே
எந்தப் பக்கத்திலும் இல்லை.

சென்றாயன் வால்வு மூடியைக் கழற்றிக் காட்டினான்.
உள்ளே கறுப்பு அல்வா.
விரலால் வழித்து பேண்டில் துடைத்துக்கொண்டான்.
"சிந்தெடிக் நல்ல எண்ணெய்க்கா. அதான் பிரச்சினையே.
உள்ள போனதும் எல்லாத்தையும் கழுவிடும்.
சம்ப் கேஸ்கெட்டு வெடிச்சிருக்கு, பின் சீலு எப்பவோ போச்சு.
வண்டி ஒழுகாம நிக்குதுன்னா எதனாலன்னு நெனச்சீங்க?
இந்த அழுக்குதான் அடைச்சுக்கிட்டு நிக்குது."

நாளை சேலத்தில் குமுதினியின் புதுமனை புகுவிழா.
பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது. குரல் வரவில்லை.
பர்கூர்த் தோப்பைப் பிரித்த நாளிலிருந்து
பொங்கலுக்கு ஒரு கரும்புப் படம், தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம்.
கிணறு யார் பங்கு என்று
பத்திரத்தில் எழுத விட்டுப்போயிற்று.
அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
தண்ணீர் இரண்டு பக்கமும் பாய்கிறது.

கௌசர் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகி
இரண்டு கேனின் முதுகையும் படித்தாள்.
"பழைய இஞ்சினுக்குத் துத்தநாகம் வேணும்பாங்க. இதுல இருக்கு.
அதுல எவ்வளவுன்னு போடல."
பிறகு, தன் வியாபாரத்துக்கே விரோதமாய்,
"எங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டருக்கு
எது மிச்சமோ அதை ஊத்துவார். ஓடுது."

தொப்பூர்க் கணவாயை நினைத்துக்கொண்டேன்.
போகும்போது இறக்கம்.
பிரேக் இருந்தால் யாரும் இறங்கிவிடலாம்.
திரும்பும்போதுதான் ஏற்றம்:
லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில்,
வெப்ப முள் சிவப்பை முகர்ந்து பார்க்க,
எண்ணெய் தண்ணீராய் இளகும் இடம்.
அந்தச் சூட்டை விலை கூடியதுதான் தாங்கும்.
ஆனால் அதுவரை
ஒழுகாமல் போய்ச் சேர வேண்டுமே.

நான் காரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மினரல் வாங்கினேன்.
வாசலில் ஊற்றும்போது பழக்கதோஷத்தில் எண்ணினேன்.
முப்பதுக்கு வெகு முன்பே புனல் காலி.
என் தொட்டியில் விட்டால்
இரண்டு எண்ணெயுமே கடைசிக் கோடு வரை ஓடிவிடும்,
இரண்டுமே ஃபெயில்.
பதினோரு வருட வேலை
இந்த ஒரு விஷயத்துக்கு உதவவில்லை.

சிந்தெடிக்கிலும் ஒரு கேன் வாங்கினேன் என்பதைச் சொல்லவில்லையே.
டிக்கியில் இருக்கிறது, சீல் உடைக்காமல்,
குமுதினிக்கு வாங்கிய குத்துவிளக்கின் பக்கத்தில்.
இஞ்சினை இறக்கி, பிரித்து,
எல்லா கேஸ்கெட்டும் மாற்றுகிற அன்றைக்கு.
அது என்றைக்கு என்று சென்றாயன் கேட்கவில்லை.

விடியற்காலை நாலரை.
வண்டியைத் தெருவுக்கு எடுத்து நிறுத்திவிட்டு
அது நின்றிருந்த சிமென்ட் தரையை
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒரு சொட்டு இல்லை.
நம்பாமல்
இன்னொரு தடவை குனிந்தேன்.